பிஸ்கட்டைக் காட்டி ஒளிப்பது விளையாட்டா?

கேள்வி:

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். என் கணவர் வல்லார்பாடம் கண்டெய்னர் டெர்மினலுக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். பசிலிக்காவுக்குச் சற்றுத் தள்ளி வாடகை வீடு. டாமி என்றொரு நாட்டு நாயும் பொன்னி என்றொரு பூனையும் வளர்க்கிறோம். டாமிக்கு ஊசி போட்டாயிற்று, பொன்னிக்குப் போடவில்லை. மாமியாரும் கொழுந்தனும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

கொழுந்தன் நல்ல பையன். டாமியைக் குளிப்பாட்டுவதே அவன்தான். ஆனால் வேலை முடிந்து வந்துவிட்டால் இரண்டையும் சீண்டாமல் இருக்க மாட்டான். டாமியிடம் பிஸ்கட்டை நீட்டுவான், வாய் கிட்டே வந்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொள்வான். சில நாள் அதன் கண்ணெதிரே தானே தின்றுவிடுவான். பந்தை எறிவதுபோல் பாவ்லா காட்டி, அது ஓடித் தேடுவதைப் பார்த்துச் சிரிப்பான். பொன்னிக்குச் சுவரில் லேசர் லைட் அடிப்பான். அது தூங்கும்போது காதருகே பாலிதீன் பையை ஊதி உடைப்பான். காலில் செல்லோடேப்பை ஒட்டிவிட்டு, அது உதறி உதறி நடப்பதை ரீல்ஸ் போடுவான். ஏன்டா என்று கேட்டால், "மதினி, அஞ்சறிவுக்கு என்ன தெரியும்? மத்தியை வெட்டிக் குழம்பு வைக்கிறீங்க, பூனையோட விளையாண்டா மட்டும் பாவமா?" என்கிறான்.

இப்போது என் ஏழு வயது மகனும் அதையே செய்கிறான். நாலு நாளைக்கு முன் பொன்னியின் வாலைப் பிடித்து இழுத்தான். அது கையைப் பிறாண்டி ரத்தம் வந்துவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டினோம். "சாக்கில் போட்டுக் காளமுக்கு ஹார்பரில் விட்டுட்டு வாங்க, மீனைத் தின்னு பிழைச்சுக்கும்" என்கிறார் மாமியார்.

சீண்டுவது உண்மையிலேயே தப்பா, நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? இதற்குச் சட்டம் உண்டா? சண்டை வராமல் அவனிடம் எப்படிச் சொல்வது? பொன்னியை என்ன செய்வது?

– ஒரு வாசகி, வல்லார்பாடம்

பதில்:

சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்தவுடன் மகனை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாலு நாள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். ரேபிஸ் நாய்க்கடியால் மட்டும் வருவதில்லை. பூனையின் கடியும் பிறாண்டலும் அந்தக் கணக்கில்தான் சேரும். ரத்தம் வந்த கீறலை மூன்றாம் வகைக் காயமாக மருத்துவர்கள் கருதுவார்கள். தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவையா என்று பார்ப்பார்கள். தோலில் போடும் முறையில் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரும். ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள். பிறாண்டிய நாளிலிருந்து பத்து நாள் பொன்னியைக் கண்காணிக்க வேண்டும். அதற்காகவாவது அதை இப்போது எங்கும் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். இனி இப்படி நேர்ந்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் காயத்தில் படக் கூடாது.

இனி உங்கள் கேள்விகள்.

சீண்டுவதெல்லாம் தப்பா?

எல்லாம் தப்பில்லை. சீண்டல் அன்போடு சேர்ந்தே பிறக்கிற குணம். வாசுதேவி ரெட்டி என்ற உளவியலாளர் கைக்குழந்தைகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார். பேச்சு வருவதற்கு முன்பே, பிறந்த எட்டு ஒன்பது மாதத்தில், குழந்தை கையிலிருப்பதை அம்மாவிடம் நீட்டும்; அம்மா கை நீட்டினால் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சிரிக்கும். உங்கள் மகனும் செய்திருப்பான். 2024-ல் வெளியான ஓர் ஆய்வு ஒராங்குட்டான், சிம்பன்சி, பொனோபோ, கொரில்லா ஆகிய நான்கு இனங்களிலும் இதே குறும்பைப் பதிவு செய்திருக்கிறது. குட்டி போய்ப் பெரியதன் முடியை இழுக்கும், முதுகில் தட்டும், உடனே அதன் முகத்தைப் பார்க்கும்.

அந்த முகம் பார்த்தலில்தான் எல்லாம் இருக்கிறது. கைக்குழந்தையும் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த தடவை நீட்டும். அம்மா ரசித்தால் தொடரும். இரண்டு நாய்கள் விளையாடுவதைக் கவனித்துப் பாருங்கள். முன்னங்கால்களைத் தரையில் படியவைத்து, பின்பக்கத்தை உயர்த்தி, "இது சண்டையில்லை" என்று முதலில் அறிவிக்கும். பெரிய நாய் தானே மல்லாந்து படுத்துச் சின்னதை மேலே ஏறவிடும். துரத்தியது ஓடும், ஓடியது துரத்தும். ஒன்று வலியில் கத்தினால் மற்றது நின்றுவிடும்.

ஆகவே நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: நிறுத்தும் உரிமை இருவரிடமும் இருக்கிறதா? டாமியோடு கயிறு இழுக்கலாம். அலுத்தால் அது வாயை விட்டுவிட்டுப் போய்விடும். கதவுக்குப் பின் ஒளிந்துகொண்டு தேடவிடலாம். கண்டுபிடித்ததும் அதற்கு ஒரே கொண்டாட்டம். பொன்னி ஜன்னலில் தாவும்போது குறி தவறிக் கீழே விழுந்தால் வாய்விட்டுச் சிரிக்கலாம், அதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் தூங்குகிற பூனையின் காதருகே பை வெடித்தால், அந்த ஆட்டத்தை நிறுத்தப் பூனைக்கு வழியேது? ஓடத்தான் முடியும். ஓடுவதைத்தான் நாம் படம் பிடிக்கிறோம்.

"அஞ்சறிவுக்கு என்ன தெரியும்?"

கொழுந்தனின் இந்த ஒரு வரிக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். தெரிகிறது என்று காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. அதிலும் அவர் செய்கிற அதே பிஸ்கட் வித்தையை வைத்தே.

2021-ல் ஜெர்மனியில் 51 நாய்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். நாய்க்கும் மனிதருக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் ஓர் இடைவெளி. மனிதர் அதன் வழியாகத் தின்பண்டம் கொடுத்து வருவார். பிறகு மூன்று விதமாகக் கொடுக்காமல் விடுவார். ஒரு முறை கை தவறிக் கீழே போடுவார். ஒரு முறை இடைவெளி அடைபட்டிருப்பதால் கொடுக்க முடியாமல் போகும். ஒரு முறை வேண்டுமென்றே இழுத்துக்கொள்வார். மூன்றிலும் கிடைக்காத பண்டம் ஒன்றுதான். தடுப்பைச் சுற்றி வந்தால் நாய் அதை எடுத்துக்கொள்ளவும் முடியும். கை தவறியபோதும் வழி அடைபட்டபோதும் நாய்கள் சீக்கிரமே சுற்றி வந்தன. வேண்டுமென்றே இழுத்துக்கொண்டவரிடம் போகத்தான் நெடுநேரம் தயங்கின. முடியாமல் கொடுக்காதவரையும் மனமில்லாமல் கொடுக்காதவரையும் நாய் பிரித்தறிகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

வியன்னாவில் 2008-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் இரண்டு நாய்களை அருகருகே உட்காரவைத்துக் கைகொடுக்கச் சொன்னார்கள். ஒன்றுக்குத் தின்னக் கொடுத்து மற்றதற்குக் கொடுக்காமல் விட்டபோது, கிடைக்காத நாய் கொஞ்ச நேரத்தில் கைகொடுப்பதையே நிறுத்திவிட்டது. தனியாக இருக்கும்போது அது அத்தனை சீக்கிரம் நிறுத்தவில்லை.

ரீல்ஸில் அடிக்கடி வரும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செருப்பைக் கடித்த நாய் குற்ற உணர்ச்சியோடு தலையைக் குனிவதாகப் போடுவார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். தப்பே செய்யாத நாயையும் உரிமையாளர் திட்டினால் அதே முகம்தான் வந்தது. நாம் வெட்கம் என்று நினைத்து ரசிப்பது நம் கோபத்துக்கு அது காட்டும் பணிவு. நாயின் முகத்தைத் தவறாகப் படித்துவிட்டுச் சிரிப்பதில் நாம் எல்லோருமே கைதேர்ந்தவர்கள்.

ஒவ்வொன்றாக

பிஸ்கட்டை இழுத்துக்கொள்வது ஒன்றிரண்டு முறை நடந்து கடைசியில் கொடுத்துவிட்டால் பெரிய கேடில்லை. தினமும் பல தடவை, சில நாள் கொடுக்காமலே முடித்துவிடுவது டாமிக்கு ஒரு பாடமாகிவிடும்: கையில் தின்பண்டம் தெரிந்தால் பொறுமையாக இருந்து பயனில்லை, பாய்ந்து பிடுங்க வேண்டும். நாளைக்கு உங்கள் மகன் கையில் பிஸ்கட்டோடு போகும்போது அந்தப் பாடம் வெளிவரும்.

எறிவதுபோல் ஏமாற்றுவதில் டாமி கொஞ்ச நாளில் ஓடாமல் நின்றுவிடும். அது புத்திசாலியாகிவிட்டது என்று கொழுந்தன் சொல்லக்கூடும். உங்கள் கை காட்டும் திசையை நம்புவதை அது குறைத்துக்கொண்டது என்பதுதான் நடந்தது. கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் நீங்கள் "வா" என்று கூப்பிட்டால் அது உடனே வர வேண்டிய வேளை ஒன்று வரும். அன்றைக்கு அந்த நம்பிக்கை வேண்டும்.

லேசர் வெளிச்சம் பார்க்க அழகான விளையாட்டு. பூனையின் வேட்டை பதுங்குவது, பாய்வது, பிடிப்பது, கடிப்பது என்ற வரிசையில் நடக்கும். லேசரில் பிடிப்பதற்கு ஒன்றுமே கிடையாது. பூனை வளர்க்கும் 600-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2021-ல் வெளியிட்ட ஆய்வில், லேசரால் அடிக்கடி விளையாட்டுக் காட்டிய வீடுகளில் நிழலையும் வெளிச்சத்தையும் துரத்துவது போன்ற இயல்பு மீறிய நடத்தைகள் கூடுதலாகச் சொல்லப்பட்டன. இன்னது இன்னதால்தான் என்று அது நிறுவிவிடவில்லை, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். லேசர் அடித்தே தீர வேண்டுமென்றால் கடைசியில் வெளிச்சத்தை ஒரு மீன் துண்டின்மேல் கொண்டுபோய் நிறுத்தி முடிக்கச் சொல்லுங்கள். கண்ணில் மட்டும் படக் கூடாது.

பையை உடைப்பதும் செல்லோடேப்பும் நாளைக்கே நிற்க வேண்டும். நம் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. பூனை 60-ஐத் தாண்டிய ஒலியையும் கேட்கும். அப்படிப்பட்ட காதுக்கு அருகில், அதுவும் தூக்கத்தில், வெடிச்சத்தம் வெறும் பயத்தைத்தான் கொடுக்கும். டேப்பை உரிக்கும்போது முடியும் சேர்ந்து வரும். இவை இரண்டிலும் பொன்னிக்குக் கிடைப்பது எதுவுமே இல்லை.

மத்தியும் பொன்னியும்

மத்திக் குழம்பு வைக்கிற வீட்டில் பூனையைச் சீண்டினால் என்ன என்பது கேட்கத் தகுந்த கேள்விதான். மீன் தின்பது சரியா தவறா என்பது வேறு வழக்கு. தின்னக் கூடாது என்பவர்களும் தின்னலாம் என்பவர்களும் இருக்கிறார்கள், இருவரிடமும் வாதம் உண்டு. ஒருவேளை மீனுக்கு நாம் அநியாயம் செய்கிறோம் என்றே வைத்துக்கொண்டாலும், அதைக் காட்டிப் பொன்னிக்கும் செய்யலாம் என்று எப்படி ஆகும்?

வளர்ப்பு விலங்குகளிடம் நமக்குத் தனியான கடமை இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த சூ டொனால்ட்சனும் வில் கிம்லிக்காவும் 2011-ல் எழுதிய 'ஜூபோலிஸ்' நூலின் மையமே இதுதான். காட்டு விலங்கு தன்பாட்டில் வாழும். நாம் விலகியிருந்தால் போதும். நாயையும் பூனையையும் மனிதர்கள் பல தலைமுறைகளாகத் தம்மோடு பழக்கி, தம்மை நம்பி வாழும்படி ஆக்கிவிட்டார்கள். அதனால் அவை நம் சமூகத்தின் உறுப்பினர்கள் என்கிறார்கள். நூலின் எல்லா முடிவுகளையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு அது அப்படியே பொருந்துகிறது. டாமி எப்போது சாப்பிடும், எங்கே படுக்கும், எந்தக் கதவு திறக்கும் என்பதெல்லாம் உங்கள் கையில். பிடிக்காத வேலையை விட்டுவிட்டு உங்கள் கொழுந்தன் வேறு வேலைக்குப் போகலாம். டாமி வேறு வீடு பார்த்துக்கொள்ள முடியாது. போக இடமில்லாதவரைக் கேலி செய்வதற்கும் சமமான நண்பனைக் கேலி செய்வதற்கும் மனிதர்களுக்கிடையே நாம் வித்தியாசம் பார்க்கிறோம். இங்கேயும் அதே நியாயம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

சென்னையில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி திறந்தது. அதன் 3-வது பிரிவு, விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்கவும் தேவையற்ற வலியைத் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. 11-வது பிரிவு அடிப்பது, உதைப்பது, வதைப்பது முதலியவற்றைக் குற்றமாக்குகிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு கிலோ மத்தி விலைக்குக்கூட வராது. கொல்வதும் உறுப்பைச் சிதைப்பதும் வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

கோஸ்ரீ பாலத்தின் எர்ணாகுளம் முனையை ஒட்டி நிற்கும் கேரள உயர் நீதிமன்றத்தில் இந்த விஷயம் சில முறை பேசப்பட்டிருக்கிறது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, கொச்சியைச் சேர்ந்த ஒருவர் தன் பூனைகளுக்கு பிஸ்கட் வாங்கப் போக அனுமதி கிடைக்கவில்லை என்று அங்கே போனார். சைவ வீடு என்பதால் பூனைக்கு மீனோ கறியோ சமைக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். நீதிமன்றம் போய்வர அனுமதித்தது. 2021-ல், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்பு விலங்கே கூடாது என்று விதி போடுவது செல்லாது என்றது.

அதே ஆண்டு ஜூனில் திருவனந்தபுரத்தை அடுத்த அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற லாப்ரடார் நாயை அடித்துக் கொன்றார்கள். அந்தக் காணொளி பரவியது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, வழக்குக்கு அந்த நாயின் பெயரையே வைத்தது. உங்கள் கொழுந்தனை அவர்களோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். ஆனால் அவருக்குச் சொல்ல ஒன்று உண்டு: காணொளியில் பதிவாகும் எதுவும் சாட்சியம். செல்லோடேப் ரீல்ஸை யாராவது ஒருவர் புகாராக அனுப்பினால் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

பிஸ்கட்டைக் காட்டி ஏமாற்றியதற்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள், போடவும் கூடாது. அது வீட்டுக்குள் தீர வேண்டிய சங்கதி.

கொழுந்தனிடம் எப்படிச் சொல்வது?

எல்லோரும் கூடிச் சிரிக்கும் நேரத்தில் சொன்னால் அவருக்கு அவமானமாகப் படும், வீம்புக்காகவே தொடர்வார். தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். "கொடுமை பண்றே" என்று ஆரம்பிக்காதீர்கள்; டாமியைக் குளிப்பாட்டுகிறவருக்கு அது வலிக்கும், கோபம் வரும். "தம்பி, உன்னைப் பார்த்து அவனும் செய்யறான், கையில ரத்தம் வந்துட்டுது" என்று நடந்ததைச் சொன்னால் போதும்.

கூடவே வேறு விளையாட்டைக் கையில் கொடுங்கள். அவருக்கும் பொழுது போக வேண்டும். தென்னை ஈர்க்கு நுனியில் நூல் கட்டி, ஒரு கோழி இறகைத் தொங்கவிட்டுப் பொன்னியின் முன் இழுத்துக்காட்டட்டும். அவ்வப்போது பிடித்துக் கடிக்க விடட்டும். பிஸ்கட்டை உடைத்துப் பழைய துணிக்குள் சுருட்டிவைத்து டாமியை மோந்து தேடச் சொல்லட்டும். அதையும் ரீல்ஸ் போடலாமே. நாய் ஜெயிக்கிற காணொளிக்கும் பார்க்க ஆள் உண்டு.

பிடிக்கிறதா என்று சோதிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. நடுவில் கையை எடுத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லுங்கள். அது தானாகத் திரும்பி வந்து கேட்டால் தொடரலாம். விலகிப் போய்விட்டால் ஆட்டம் முடிந்தது.

மகனுக்கு

வெறிநோய்ச் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு விலங்கின் முகம் படிக்கத் தெரியாது; நாம்தான் சொல்லித்தர வேண்டும். நாய் தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலைக் கால்களுக்கிடையே செருகுவது எல்லாம் "போதும்" என்பதன் அடையாளம். பூனைக்கு வால் நுனி பட்டுப்பட்டென்று அடிக்கும், காது பக்கவாட்டில் மடியும், முதுகுத் தோல் சிலிர்க்கும். "திடீர்னு கடிச்சிட்டுது" என்று வருகிற பெரும்பாலோர் இந்த அடையாளங்களைக் கண்டும் காணாமல் இருந்தவர்கள்தான்.

மகனுக்கு மூன்று விதி போதும்: சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது, கையை நீட்டிக் காத்திருந்து, அது வந்து மோந்தால்தான் தடவலாம், விலகினால் பின்தொடரக் கூடாது. திட்டிச் சொன்னால் நிற்காது. அவன் கண்முன் சித்தப்பா இதே விதியைப் பின்பற்றினால் ஒரு வாரத்தில் பழகிவிடுவான்.

பொன்னியை அனுப்பிவிடலாமா?

வேண்டாம். மாமியாரின் பயம் பேரனைப் பற்றியது, அதை மதியுங்கள். ஆனால் பிறாண்டல் சீண்டலின் விளைவு. பொன்னி போய்விட்டால் சீண்டல் டாமி பக்கம் முழுதாகத் திரும்பும், அதன் பல் பொன்னியின் நகத்தைவிட ஆழமாக இறங்கும். பட்டினி கிடக்க நேரும் நிலையில் விலங்கைக் கைவிடுவதும் 11-வது பிரிவில் குற்றமே. ஹார்பரில் மீன் கிடக்கும் என்பது சரி. அங்கே ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும் பூனைகள் புதியதைச் சேர்த்துக்கொள்ளாது. பழைய வீட்டைத் தேடி அது பாலத்துச் சாலையில் கிளம்பவும் கூடும்.

பத்து நாள் கண்காணிப்பு முடிந்ததும் பொன்னிக்கு ரேபிஸ் ஊசி போடுங்கள், கருத்தடையும் செய்துவிடுங்கள். அலமாரி மேலோ பரண் மேலோ ஒரு சாக்கை விரித்து அதை அதன் இடமாக்குங்கள். அங்கே இருக்கும்போது வீட்டில் யாரும், மாமியார் உட்பட, தொடக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் அது பழையபடி மடிக்கு வர ஆரம்பிக்க வேண்டும். அப்படி வராமல் ஒளிந்தே கிடந்தாலோ, சாப்பாட்டைக் குறைத்தாலோ, மணல் தட்டை விட்டு வேறிடத்தில் சிறுநீர் கழித்தாலோ, பயம் என்று முடிவு கட்டாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப் பாதைக் கோளாறும் பல்வலியும் பூனையிடம் இதே முகத்தோடுதான் வரும்.